டிவி டாக்டர் அறையில் முகம் துடைத்தவன்

என் எழுத்து கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் எந்த ளகரம் என்பது இன்றைக்கும் எனக்குத் தகராறு. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டு, மூன்றாவது தடவையாகக் கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன். பிழை இருந்தால் எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெயராணி சிஸ்டர் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் எதையும் எடுத்துவிடக் கூடாது. அதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எழுதச் சொன்னதே சிஸ்டர்தான். போன ஆவணியோடு எனக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் உதவியாளர்களுக்கு அதுதான் கணக்கு. ஒரு சால்வை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து சிஸ்டர் வீட்டுக்கு வந்தார்.

"மறுபடியும் டிவி ரூம் தொறக்கப் போறாகண்ணே. புது மிஷினு. வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியல. லைட்ட எங்கன வைக்கணும், சேர எங்கன போடணும், பேஷண்ட எப்படி உக்கார வைக்கணும்னு எழுதிக் குடுத்தீகன்னா புண்ணியமாப் போகும்."

லைட்டை எங்கே வைப்பது என்று அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். எழுதியும் வைத்தேன். அதற்குப் பிறகு பேனா நிற்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா காட்டு வேலைக்குப் போனவர். மழை பொய்த்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையையும் பட்டாசுத் தொழிற்சாலையையும் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். இருபத்திரண்டு வயதில், சிவகாசிக்கு வெளியே ஒரு டிரஸ்ட் நடத்திய ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராகச் சேர்ந்தேன். படுக்கை மாற்றுவது, ஸ்டிரெச்சர் தள்ளுவது, தீக்காயம் பட்டு வருகிறவர்களைத் தூக்கி இறக்குவது. பேச்சு வராத ஆள் என்று பெயர். யாராவது முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். ஆஸ்பத்திரியில் அது ஒரு குறையாக இல்லை. சொன்னதைச் செய்கிறவன், எதிர்த்துப் பேசாதவன் என்று எல்லா டாக்டர்களுக்கும் என்னைப் பிடிக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

டிவி வந்தது கடைசி ஐந்தாறு வருஷத்துக்குள்தான். மொட்டைமாடியில் பெரிய ஆன்டெனாத் தட்டு ஒன்றை ஏற்றினார்கள். கீழே ஒரு அறைக்கு ஏசி போட்டார்கள். மனிதர்களுக்காக இல்லை, மிஷின் சூடாகக் கூடாது என்று. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே உட்கார்ந்திருக்கும் டாக்டர் இங்கே டிவியில் தெரிவார், இங்கே உள்ள நோயாளி அங்கே தெரிவார். எங்கள் பக்கத்துப் படமும் டிவி மூலையில் சின்னக் கட்டமாகத் தெரியும். பஸ் ஏறி மதுரைக்குப் போக வேண்டாம், ஒரு நாள் சம்பளம் போகாது என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

இது வெறும் வைத்தியம் இல்லை, ஆராய்ச்சி என்று எங்களுக்குச் சொன்னார்கள். நேரில் பார்க்கிற டாக்டரும் டிவியில் பார்க்கிற டாக்டரும் ஒரே அளவுக்குச் சரியாக நோயைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்கிற ஆராய்ச்சி. அதற்காக ஒரு டாக்டரம்மா வந்தார். பெயர் வேண்டாம். மேடம் என்றே எழுதுகிறேன், அப்படித்தான் கூப்பிட்டோம்.

முறை இப்படி. வருகிற நோயாளியிடம் சம்மதத் தாளை வாசித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். மேடத்தின் மேசையில் நம்பர் போட்ட உறைகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் ஒட்டியிருக்கும், வெயிலில் பிடித்தாலும் உள்ளே தெரியாத கெட்டித் தாள். வரிசைப்படி அடுத்த உறையைப் பிரித்தால், உள்ளே 'நேர்' என்று இருக்கும் அல்லது 'டிவி' என்று இருக்கும். நேர் என்றால் முதல் அறை. அங்கே எங்கள் பொது டாக்டர் இருப்பார். வயதானவர். வந்தவர் நெற்றியில் கையை வைத்துவிட்டுத்தான் பெயரையே கேட்பார். டிவி என்றால் அடுத்த அறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர், பத்து எட்டு தூரம். யாருக்கு எது என்பதை யாரும் மாற்றக் கூடாது. மாற்றினால் ஆராய்ச்சி கெட்டுப்போகும்.

எங்கள் சனங்களுக்கு அது குலுக்கல் சீட்டு. டிவி விழுந்தால் பெரிய டாக்டர் கிடைத்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டே போவார்கள். நேர் விழுந்தவர்கள் முகம் தொங்கிவிடும். "நம்ம டாக்டர எப்பவும்தான் பாக்கோம்" என்பார்கள்.

டிவி அறையில் என் வேலை. காலையில் மிஷினைப் போட்டதும் நாற்காலிக்கு நேராக ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மதுரையில் அது வெள்ளையாகத் தெரிந்தால்தான் மற்ற நிறங்களும் சரியாக வரும். நாற்காலியின் நாலு காலுக்கும் தரையில் சாக்பீஸ் குறி. பின்சுவரில் நீலத் துணி. லைட் ஸ்டாண்டு நோயாளியின் இடது பக்கம், தலைக்கு ஒரு முழம் மேலே. நோயாளி உட்கார்ந்ததும் ஜெயராணி சிஸ்டர் நாடி, பிரஷர் பார்த்துச் சொல்வார். நான் லைட்டுக்குப் பின்னால் நிற்பேன். தொண்டையைக் காட்டச் சொன்னால் சின்ன டார்ச்சை அடிப்பேன். காலைக் காட்டச் சொன்னால் கேமராவை இறக்குவேன். மேடம் மூலையில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து குறிப்பு எழுதுவார்.

ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு டிவியைக் கும்பிடுவார்கள். எம். புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு பாட்டி, "சாப்பிட்டீகளாய்யா?" என்று டாக்டரைக் கேட்டாள். அவர் இன்னும் இல்லை என்றதும், "மணி என்ன ஆகுது, மொதல்ல சாப்பிட்டு வாங்க, நான் எங்கயும் போகல" என்று எழுந்துவிட்டாள். மேடம்கூடச் சிரித்தார்.

மேடம் ஒருநாளும் குரலை உயர்த்தியவர் இல்லை. நாங்கள் எதைச் சொன்னாலும் "நல்லது" என்பார். கேபிள் அறுந்துவிட்டது என்றாலும் நல்லது. இன்றைக்கு ஆறு பேர்தான் வந்தார்கள் என்றாலும் நல்லது. நான்கு நிறப் பேனா வைத்திருப்பார். தப்பு நடந்தால் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறப்பார், அவ்வளவுதான். கொண்டுவந்த சாப்பாட்டில் எங்களுக்கும் வைப்பார். என்னை 'நீங்க' என்றுதான் பேசுவார். அதற்கு முன் எந்த டாக்டரும் என்னை அப்படிப் பேசியதில்லை. அதனாலேயே அவர் சொன்னது எதையும் நான் மறந்ததில்லை.

இரண்டு சொன்னார். இரண்டும் இந்தக் கதைக்கு வேண்டும்.

முதலாவது, பேசக் கூடாது என்பது. ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். எப்போதோ வெடி விபத்தில் இடது காது போனவர். டிவி டாக்டர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் முழித்தார். பாவம் என்று நான் வாயைத் திறந்துவிட்டேன். "அந்தக் காது கேக்காதுங்கய்யா, சத்தமாக் கேளுங்க." மேடம் வாட்சை நிறுத்தினார். பெரியவர் போன பிறகு அவருடைய தாளில் சிவப்பில் குறுக்கே கோடு போட்டார். அந்தத் தாள் ஆராய்ச்சிக்கு உதவாது.

"சுப்பையா, நீங்க நல்ல எண்ணத்துலதான் சொன்னீங்க," என்றார். "ஆனா டாக்டர் தானா என்ன கண்டுபிடிக்கிறார்னுதான் நாம பாக்கறோம். இந்த ரூமுக்குள்ள நீங்க ஒரு ஆள் இல்ல. அந்த லைட் ஸ்டாண்டு மாதிரி. லைட் ஸ்டாண்டு பேசுமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிஸ்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். மற்றவர்களுக்குப் பேசாமல் இருப்பது கஷ்டம். எனக்கு அது வரம் கிடைத்த மாதிரி இருந்தது.

இரண்டாவது, பவுடர். ஒவ்வொரு நோயாளி முடிந்ததும் மதுரையில் படம் எவ்வளவு தெளிவு என்று ஐந்துக்கு மார்க் போடுவார்கள். எங்களுக்கு இரண்டு, மூன்றுதான் வந்துகொண்டிருந்தது. வெயிலில் பஸ்ஸில் நின்று வருகிற சனம். முகம் எண்ணெய் வழியும், லைட் பட்டதும் பளபளவென்று மினுங்கும். பட்டாசு ஆபீஸிலிருந்து நேராக வருகிறவர்களுக்குப் புருவத்திலும் காது மடலிலும் வெள்ளி மருந்துத் தூள் ஒட்டியிருக்கும். அதுவும் மினுங்கும். மேடம் ஒரு வாரம் யோசித்தார். பிறகு தன் கைப்பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"போட்டோ ஸ்டுடியோல செய்வாங்கல்ல, அதுதான். உள்ள வர்றதுக்கு முன்னாடி ஈரத் துண்டால மூஞ்சியத் தொடச்சு, லேசா பவுடர் போட்டு அனுப்புங்க."

டிவி அறைக்கு வெளியே நடையில் ஒரு கண்ணாடி மாட்டினேன். சீப்பு வைத்தேன். மறுநாளே மார்க் நான்கானது. சனங்களுக்கு இது புதிதாகவே இல்லை. எங்கள் ஊரில் போட்டோ எடுக்கப் போனால் கண்ணாடியும் சீப்பும் பவுடரும் இருக்கத்தானே செய்யும். டிவி என்றால் அதைவிடப் பெரிது. சில பெண்கள் வீட்டிலிருந்தே பவுடர் போட்டு, பட்டுச் சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். மற்றவர்களுக்கு நான் செய்வேன். நெற்றி, கன்னம், மூக்கு, கழுத்து. காது மடலில் இருக்கும் மருந்துத் தூளைத் துண்டு முனையைத் திருகித் துடைப்பேன். குழந்தையைப் போல முகத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். யாரோடும் பேச வராத எனக்கு அது ஒரு பேச்சு மாதிரி இருந்தது. அந்த வேலையை நான் விரும்பிச் செய்தேன். அதை மறைக்கக் கூடாது.

இனி கருப்பசாமி.

தாயில்பட்டிக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். பட்டாசு ஆபீஸில் லோடு ஏற்றுகிற வேலை. புரட்டாசி மாதம். பொன்னுருகக் காயும் என்பார்களே, அந்த வெயில். தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த சீசன். அந்த நேரத்தில் ஒரு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவன் சும்மா வரமாட்டான் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூட அவர் பெண்சாதி சண்முகத்தாய் வந்திருந்தாள். நெஞ்சு எரிகிறது, இடது தோள்பட்டை வலிக்கிறது, காலையில் வாந்தி வருகிற மாதிரி இருந்தது என்றாள். கேஸ் டிரபிள் என்று அவர் நினைத்தார். பெட்டி தூக்கி நரம்பு பிசகிவிட்டது என்று அவள் நினைத்தாள். மேடம் உறையைப் பிரித்தார். டிவி. சண்முகத்தாய்க்கு வாயெல்லாம் பல்.

நடையில் கண்ணாடிக்கு முன்னால் அவரை உட்கார வைத்தேன். முகம் முழுக்க வேர்வை. துடைத்தேன். பவுடரைத் தொட்டு நெற்றியில் வைத்தேன், பிடிக்கவில்லை. குழைந்து வழிந்தது. மறுபடி துடைத்தேன். துண்டை எடுக்கும்போதே நெற்றியில் பொடிப்பொடியாக முத்து விட்டது. கையால் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர்ப் பானையின் வெளிப்பக்கம் மாதிரிச் சில்லென்று இருந்தது. வெயிலில் வந்த வேர்வை சூடாக இருக்கும். ஆயிரம் முகத்தைத் துடைத்த கைக்கு அது தெரியும். கைக்குத் தெரிந்தது புத்திக்கு ஏறவில்லை. எனக்கு இருந்த கவலையெல்லாம் பவுடர் பிடிக்க மாட்டேன் என்கிறதே என்பதுதான்.

"நல்லா அப்பி விடுங்கண்ணே," என்றாள் சண்முகத்தாய். "கல்யாணத்தன்னைக்குக்கூட இந்த மனுசன் பவுடர் போடல."

"ஏ, சும்மா கெட. பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்," என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார், மூச்சு இழுத்தது.

மூன்றாவது தடவை காய்ந்த துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு நேராகத் திருப்பி உட்கார வைத்து, கெட்டியாகப் பவுடர் போட்டேன். பிடித்தது. தலை சீவி விட்டேன். புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார். ஏசி அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சாக்பீஸ் குறியில் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். சண்முகத்தாயைக் கேமராவுக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டு, என் இடத்தில் போய் நின்றேன்.

சிஸ்டர் நாடி கொஞ்சம் வேகம், பிரஷர் கொஞ்சம் குறைவு என்று சொன்னார். டிவி டாக்டர் நல்ல டாக்டர்தான். அவசரப்படாமல் கேட்டார். வலி எங்கே, எப்போதிருந்து, சாப்பிட்டால் கூடுகிறதா. கை கால் சில்லென்று இருக்கிறதா என்று சிஸ்டரைக் கேட்டார். சிஸ்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, சில்லென்றுதான் இருக்கிறது, ஆனால் ஏசி அறையில் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார். பிறகு டாக்டர் கேட்டார்.

"வேர்த்துச்சா, கருப்பசாமி? உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துச்சா?"

"இல்லீங்கய்யா," என்றார் கருப்பசாமி.

ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். லோடு ஏற்றுகிறவனுக்கு வேர்ப்பது ஒரு நோயா? காலையிலிருந்து சாயங்காலம்வரை வேர்த்துக்கொண்டேதான் இருப்பான். அதைப் போய்ப் பெரிய டாக்டரிடம் சொல்வதா என்று நினைத்திருப்பார். அந்த நேரம் முகமும் காய்ந்துதானே இருந்தது.

ஈரத் துண்டு என் தோளில் கிடந்தது. பிழிந்தால் சொட்டும். நான் வாயைத் திறந்தேன். திறந்தது உண்மை. மூலையில் மேடம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஸ்டாப்வாட்ச் ஓடுகிற சத்தம் கேட்டது. லைட் ஸ்டாண்டு பேசுமா என்றது ஞாபகம் வந்தது. பேசினால் இவருடைய தாளிலும் சிவப்புக் கோடு விழும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம், பத்து எட்டில், எங்கள் பொது டாக்டர் நோயாளி இல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை, தோளுக்குத் தடவ மருந்து, ஒரு வாரம் லோடு தூக்கக் கூடாது. அடுத்த வாரம் இதே கிழமை வர வேண்டும். படத்துக்கு மதுரையிலிருந்து மார்க் வந்தது. ஐந்துக்கு ஐந்து. முதல் தடவையாக முழு மார்க். மேடம் என்னைப் பார்த்து "நல்லது சுப்பையா" என்றார். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர் வீடு போய்ச் சேரவில்லை. பஸ்ஸில் பெண்சாதி தோளில் தலையைச் சாய்த்திருக்கிறார். தூங்கட்டும் என்று அவள் அசையாமல் உட்கார்ந்து வந்திருக்கிறாள். தாயில்பட்டி விலக்கில் கண்டக்டர் இறங்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. மறுநாள் அந்த ஊரிலிருந்து வந்த ஒருவர் நடையில் வைத்துச் சொன்னார். சொன்னவர் முகத்தைத்தான் நான் அப்போது துடைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் மதுரையிலிருந்து மூன்று பெரிய டாக்டர்கள் விசாரிக்க வந்தார்கள். ஆராய்ச்சியில் ஒருவர் இறந்தால் விசாரிக்க வேண்டும் என்று விதியாம். டிவி அறையில்தான் உட்கார்ந்தார்கள். நான் டீத் தட்டோடு கதவோரம் நின்றேன். முதலில் டிவி டாக்டரை டிவியிலேயே கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, மாரடைப்பாக இருக்குமோ, ஈசிஜி எடுக்கச் சொல்லலாமா என்று யோசித்ததாகச் சொன்னார். வேர்வை இல்லை, முகம் தெளிவாக இருந்தது, அதனால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டதாகச் சொன்னார்.

பிறகு அன்றைக்குப் பதிவு செய்த படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். மூவரில் மூத்தவர் நடுவில் நிறுத்தச் சொன்னார். கருப்பசாமியின் முகம் அப்படியே நின்றது.

"முகத்துல என்ன இது, வெள்ளையா?"

மேடம் லேசாகச் சிரித்தார். "பவுடர் சார். இங்க எல்லாருமே அப்படித்தான். டிவில தெரியப் போறோம்னு பவுடர் போட்டு, பூ வச்சு, பட்டுச் சேலையெல்லாம் கட்டிட்டு வருவாங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவர், ஜனங்கள் வெகுளி என்றார். படத்தை மறுபடி ஓட விட்டார்கள்.

மேடம் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படி வருகிறவர்கள் இருந்தார்கள். கருப்பசாமி அப்படி வரவில்லை, அவ்வளவுதான். நான் தட்டை வைத்திருந்தேன். ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்காமலே சொல்லியிருக்கலாம் என்பதை இப்போது எழுதும்போதுதான் ஒத்துக்கொள்கிறேன். சாயங்காலம் கார் கிளம்புவதற்கு முன்னால் முடிவு எழுதிவிட்டார்கள். ஆராய்ச்சிக்கும் இந்த மரணத்துக்கும் சம்பந்தம் இல்லை.

மறுநாள் காலையில் நடை அலமாரியில் பவுடர் டப்பா இல்லை. கண்ணாடியும் இல்லை. மேடம் காரணம் எதுவும் சொல்லவில்லை. "இனிமே தொடைக்க வேண்டாம் சுப்பையா, வர்றபடியே வரட்டும்," என்றார். மார்க் மறுபடி மூன்றுக்கு வந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

காரியம் முடிந்து சண்முகத்தாய் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நோய்க்காக இல்லை, என்னைத் தேடி. அவள் புருஷனுக்குப் போட்டோ என்று ஒன்றும் இல்லையாம். கல்யாணத்தில் எடுத்தது மழையில் நனைந்து போய்விட்டது. ரேஷன் கார்டில் இருப்பதில் முகமே தெரியவில்லை.

"அன்னைக்கு டிவில அம்புட்டு அழகா இருந்தாரே அண்ணே. நான் பின்னால நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். அதுலருந்து ஒரு படம் எடுத்துத் தருவாகளா? வீட்டுல மாட்டணும்."

எனக்கு முடியாது என்று சொல்ல வரவில்லை. அதுவரை மேடத்தின் அறைக்குள் நானாகப் போய் நின்றதில்லை. அன்றைக்குப் போனேன். சொல்லி முடிக்க நேரமானது. மேடம் பேனாவை மூடி வைத்தார். நோயாளியின் படத்தை வெளியே கொடுக்க விதி இல்லை என்றார். நான் நகராமல் நின்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சுப்பையா, அன்னைக்கு அவருக்கு வேர்த்திருந்துச்சா?"

"மூணு தடவ தொடச்சேன் மேடம்."

மேடம் மூடி வைத்த பேனாவை எடுத்தார். எதையோ எழுதப் போகிறார், இப்போது எழுதுவார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். "நல்லது" என்று மட்டும் சொன்னார். மறுநாள் ஒரு பழுப்பு உறையை என் கையில் கொடுத்தார். உள்ளே படம். பின்பக்கம் பெயர், தேதி எதுவும் எழுத வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு அவர் போகிறவரைக்கும் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. ஆராய்ச்சி அடுத்த வருஷம் முடிந்தது. நேரில் பார்ப்பதற்கும் டிவியில் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிவு வந்ததாகச் சொன்னார்கள். விழா வைத்து லட்டு கொடுத்தார்கள். நான் வாங்கி நடையிலேயே வைத்துவிட்டேன்.

டிவியில் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பேர் அதனால் பிழைத்தார்கள், என் கண்ணால் பார்த்தேன். கருப்பசாமி எந்த அறைக்குப் போயிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு டாக்டர் சரியான கேள்வியைக் கேட்டார். பதில் என் துண்டில் இருந்தது. இது மட்டும்தான் எனக்குத் தெரியும். புதிதாக வருகிற பிள்ளைகள் லைட்டை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். வருகிறவன் எப்படி வருகிறானோ அப்படியே உள்ளே அனுப்புங்கள். கைக்குத் தெரிந்ததைச் சத்தமாகச் சொல்லுங்கள். தாளில் கோடு விழுந்தால் விழட்டும்.

படத்தைச் சண்முகத்தாய் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். தலை சீவி, பவுடர் போட்டு, பின்னால் நீலத் துணியோடு கருப்பசாமி. என் வேலை அது. வருஷா வருஷம் திதிக்கு என்னைக் கூப்பிடுகிறாள். முதல் வருஷம் மறுத்தேன், அவளே ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்க, முதல் இலை எனக்குத்தான் போடுகிறாள். "கடைசியா அந்த மொகத்தத் தொடச்சு விட்டது இந்த அண்ணன் கைதான்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சோறு வைக்கிறாள். இரண்டு வருஷம் அந்தச் சோற்றைத் தின்றேன். தின்றுவிட்டுக் கைகழுவி வந்தேன்.

நாளைக்கு மூன்றாவது வருஷத் திதி. இந்த நோட்டில் ஒரு பிரதி எழுதி ஜெயராணி சிஸ்டருக்கு எடுத்து வைத்துவிட்டேன். அவரும் அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர், வாசித்துவிட்டு என்ன நினைப்பாரோ நினைக்கட்டும். இன்னொரு பிரதியைத் தாயில்பட்டிக்குக் கொண்டுபோகிறேன். சண்முகத்தாய்க்கு வாசிக்கத் தெரியாது. வேறு யாரையும் வாசிக்கச் சொல்ல முடியாது. நான்தான் அவள் முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும். இலை போடுவதற்கு முன்னால் வாசித்துவிட வேண்டும். சோற்றை வைத்துவிட்டாள் என்றால் என்னால் முடியாது.

சுப்பையா
2009, புரட்டாசி 14, புதன்கிழமை